நகத்துக்கு அடியில் ஒரு கொடி அடுப்பு: குளோமஸ் கட்டி எப்படி வலிக்கிறது, எப்படி எடுக்கிறார்கள்?

விறகு எரித்துச் சமைத்த வீடுகளில் கொடி அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். உடன்குடி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம் பக்கத்துப் பழைய அடுக்களைகளில் பெரிய மண் அடுப்பு ஒன்று இருக்கும். அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று இருக்கும். விறகோ பனமட்டையோ, வைப்பதெல்லாம் பெரிய அடுப்பின் வாயில்தான். சின்னதற்கென்று தனித் தீ கிடையாது. இரண்டுக்கும் நடுவே மண்சுவரில் ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். பெரிய அடுப்பின் அனல் அதன் வழியாகப் போய்ச் சின்னதைச் சூடாக்கும். பெரியதில் உலை கொதிக்கும். கொடியில் கருப்பட்டிக் காப்பி ஆறாமல் இருக்கும்.

நம் விரல் நுனியிலும் இப்படி ஒரு துவாரம் இருக்கிறது. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தத் துவாரத்தில் கோளாறு வந்தால் உண்டாகிற அபூர்வமான கட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் குளோமஸ் கட்டி. இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பல பேருக்கு மிளகு அளவுகூட வராது. கையில் வரும் மென்திசுக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இந்த வகை. ஆனால் அது தரும் வலியை அனுபவித்தவர்கள், பிரசவ வலியே தேவலை என்பார்கள்.

வெளியே வீக்கம் இல்லை, சீழ் இல்லை, காயம் இல்லை. அதனால் வலிக்கிறது என்று சொன்னால் வீட்டிலும் நம்ப மாட்டார்கள். "ஏட்டி, நகத்துல ஒண்ணுமே இல்லியே, என்னத்துக்கு இப்படிக் கத்துத?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மருத்துவரிடம் போனாலும் சத்து மாத்திரை, வலி மாத்திரை, நரம்பு மாத்திரை என்று ஆண்டுக்கணக்கில் ஓடிவிடும். இத்தனைக்கும், நோயைச் சந்தேகிக்க ஒரு பேனா முனை போதும். குணமாக்க விரலை மட்டும் மரக்கவைத்துச் செய்யும் ஒரு சின்ன அறுவை சிகிச்சை போதும். அது எப்படி என்று அடுப்பிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

துவாரம் செய்யும் வேலை

பெரிய அடுப்பில் உலை பொங்கி வழியப் பார்க்கிறது. துவாரத்தை மறைத்திருக்கும் ஓட்டுத்துண்டை எடுத்துவிட்டால் அனலில் ஒரு பங்கு கொடிப் பக்கம் பிரிந்து போகும், உலை அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகு நமத்துப்போய்த் தீ மந்தமாக எரிகிறது. அப்போது துவாரத்தை அடைத்துவிட்டால், இருக்கிற சூடு முழுவதும் பெரிய பானைக்கே சேரும். விறகைக் கூட்டாமல் குறைக்காமல், துவாரத்தைத் திறந்து மூடியே சூட்டைச் சமாளிக்கலாம்.

நம் உடம்பின் நடுப்பகுதிதான் பெரிய அடுப்பு. இதயம், ஈரல், மூளை எல்லாம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு ஓடுவது ரத்தம். கொடி அடுப்பு, நம் விரல் நுனித் தோல். உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு ஆகிய இடங்களிலும் கொடிகள் உண்டு. ஆனால் விரல் நுனியிலும் நகத்துக்கு அடியிலும்தான் மிக நெருக்கம்.

உடம்பின் மற்ற இடங்களில் ரத்தம் ஓடும் வழி இப்படி: சின்னத் தமனி, அதிலிருந்து மயிரிழைக் குழாய்கள், அதிலிருந்து சின்னச் சிரை. மயிரிழைக் குழாய்கள் மிக நுண்ணியவை. ரத்தம் அவற்றில் மெல்லத்தான் நகரும். விரல் நுனி போன்ற இடங்களில் கூடுதலாக ஒரு குறுக்குவழி இருக்கிறது. தமனியிலிருந்து நேராகச் சிரைக்குத் திறக்கும் குட்டையான, வளைந்த குழாய் அது. பிரான்சைச் சேர்ந்த சூக்கே 1862இலும், போலந்தைச் சேர்ந்த ஹோயர் 1877இலும் இதை விவரித்தார்கள். அதனால் சூக்கே–ஹோயர் கால்வாய் என்று பெயர். நம் கொடி அடுப்பின் துவாரம் இதுதான்.

துவாரத்தைத் திறந்து மூட ஓட்டுத்துண்டு வேண்டுமே? அந்த வேலையைச் செய்பவை, கால்வாயைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் குளோமஸ் செல்கள். துவாரத்தின் வாயைச் சுற்றிப் பூசிய களிமண்ணாக இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு மண் அசையாது. இந்தப் பூச்சு அசையும். குளோமஸ் செல்கள் தசைச் செல்களின் உறவுக்காரர்கள். அவை சுருங்கினால் கால்வாய் மூடும், தளர்ந்தால் திறக்கும். எப்போது சுருங்க வேண்டும் என்று சொல்ல, நரம்பு நுனிகள் ஏராளமாக வந்து அங்கே முடிகின்றன. கால்வாய், பூச்சு, நரம்பு எல்லாம் சேர்ந்து மெல்லிய உறைக்குள் இருக்கும் இந்த அமைப்புக்குத்தான் குளோமஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது.

சித்திரை வெயிலில் உடன்குடிச் சந்தைக்குப் போய்வந்தால் உள்ளங்கையும் விரல் நுனியும் வெதுவெதுவென்று இருக்கும். துவாரங்கள் திறந்து, உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்கு அனுப்பி வெளியேற்றுகின்றன. மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது விரல் நுனி சில்லிட்டுப் போகும். துவாரங்கள் மூடிக்கொண்டு சூட்டை நடு உடம்புக்கு மிச்சப்படுத்துகின்றன. உங்களுக்குத் தெரியாமலே நாள் முழுக்க நடக்கும் வேலை இது.

பூச்சு கூடிப்போனால்

மண் அடுப்பை அவ்வப்போது மெழுகுவது வழக்கம். விரிசல் விட்ட இடத்தில் கொஞ்சம் மண் அப்புவார்கள். விரிசல் அடைபட்டதும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத் தெரியாமல், துவாரத்தின் வாயிலேயே நாளும் ஒரு கை மண்ணை அப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அங்கே மண்ணுருண்டை ஒன்று திரளும்.

குளோமஸ் கட்டி அப்படித் திரண்ட உருண்டைதான். கால்வாயைச் சுற்றி இருக்கும் செல்கள் அளவில்லாமல் பெருகிவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ரத்தக் குழாய்களைச் சுற்றி உருண்டையான செல்கள், ஒரே மாதிரி, வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். வெளியிலிருந்து வந்த அந்நியச் செல் எதுவும் அதில் இல்லை. பழைய பூச்சே கூடிப்போனதுதான். பக்கத்துத் திசுவுக்குள் வேர்விடுவதில்லை, வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது.

ஏன் பெருகுகிறது? சில விடைகள் கிடைத்திருக்கின்றன. பல குளோமஸ் கட்டிகளில் நாட்ச் குடும்பத்து மரபணு ஒன்று வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருப்பதை 2013இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக் குடும்பம் நாட்ச். நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் இந்தக் கட்டி வரக்கூடும். தோலில் பால்காப்பி நிறத்தில் பல திட்டுகள் இருப்பது அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. மற்றபடி இது யாருக்கும் வரலாம். எடுத்த வேலையாலோ, தின்ற தீனியாலோ வருவதில்லை. தொற்றவும் தொற்றாது.

நான்கில் மூன்று பங்கு கையில் வருகிறது; அதிலும் பெரும்பங்கு நகத்துக்கு அடியில். நகத்தடியில் வருவது பெண்களுக்கு அதிகம், முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் அதிகம். வீட்டு வேலை, வெளிவேலை இரண்டையும் கையால் செய்கிற வயது அது.

மண்ணுக்கு இல்லாத வலி

அடுப்பு உதாரணம் ஓர் இடத்தில் போதாமல் போகிறது. களிமண்ணுக்கு வலிக்காது. குளோமஸ் கட்டிக்குள் நரம்பு இழைகள் நிறைந்திருக்கின்றன. அதுவும் எந்த இடத்தில்? நகத்துக்கும் எலும்புக்கும் நடுவே. மேலே நகம், கெட்டியான கூரை. கீழே விரலின் கடைசி எலும்பு, கெட்டியான தரை. நடுவில் நகப்படுக்கை என்ற மெல்லிய திசு. வயிற்றிலோ தொடையிலோ மிளகளவு கட்டி வந்தால் சுற்றியுள்ள சதை விலகி இடம் கொடுக்கும். இங்கே விலக இடமே இல்லை. கட்டியில் ரத்தம் கொஞ்சம் கூடினாலும், செல்கள் கொஞ்சம் சுருங்கினாலும், உள்ளே அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது.

அதனால் இந்த நோயின் குணம் மூன்று. ஒன்று, காரணம் இல்லாமல் திடீர் திடீரென்று வரும் கடுமையான வலி. சில பேருக்கு முழங்கை, தோள் வரை ஏறும். இரண்டு, ஒரு புள்ளியில் மட்டும் தொட முடியாத நோவு. மூன்று, குளிர் பட்டால் உயிர் போவது. குளிரில் சுருங்குவதுதான் இந்தச் செல்களின் பிறவிக் குணம் என்பதை நினைத்துப் பார்த்தால் மூன்றாவது குணம் புரியும்.

உடன்குடிப் பக்கத்துக் கடற்கரையில் அந்த மூன்றாவது குணம் வெளிப்பட எத்தனையோ இடம் இருக்கிறது. ஐஸ் பெட்டியில் கைவிட்டு மீன் அள்ளுவது, பிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரம் எடுப்பது, விடியக்காலத் தொட்டித் தண்ணீரில் துணி அலசுவது. பத்து விரலும் ஒரே தண்ணீரில் இருக்க, ஒரே ஒரு விரல் மட்டும் வெட்டி இழுக்கிறது என்றால், அந்த விரலைத் தனியாகப் பார்க்க வேண்டும். நகத்தில் சட்டை நூல் மாட்டினாலோ, போர்வை உரசினாலோ துடித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விரலை மடக்கிப் பொத்தி வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் குடும்பத்தை ஓட்டுவார்கள்.

எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் வுட் என்ற அறுவை மருத்துவர் 1812இல், தோலுக்கடியில் வரும் மிகுந்த வலி தரும் சின்ன முடிச்சுகளைப் பற்றி எழுதினார். ஆனால் அது என்ன என்று தெரிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த பியேர் மாசோன் 1924இல் இந்தக் கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இவை விரல் நுனியில் இயல்பாகவே இருக்கும் குளோமஸ் அமைப்பு பெருத்துப்போனவை என்று காட்டினார். இந்த வலி கற்பனை இல்லை, அதற்கு ஓர் உடல் இருக்கிறது என்று நிலைநாட்டியது அவருடைய அந்தக் கண்டுபிடிப்புதான்.

வலியைப் பற்றிப் பேசும்போது கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலூர் சி.எம்.சி.க்கு 1946இல் வந்த அவர், தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம், வலி தெரியாததால் அவர்கள் அறியாமல் படுகிற காயங்கள் என்று எடுத்துக்காட்டியவர் அவர். வலி உடம்பின் காவல்காரன் என்று உலகத்துக்கு விளக்கினார். குளோமஸ் கட்டியில் அந்தக் காவல்காரன் வெளியாபத்து ஏதும் இல்லாமலே ஓயாமல் கூவிக்கொண்டிருக்கிறான். அவனைப் பொய்யன் என்று சொல்லக்கூடாது. அவன் கூவுகிற இடத்தில் நிஜமாகவே ஒரு பொருள் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடங்கிவிடுவான்.

பேனா முனைச் சோதனை

மருத்துவர் முதலில் நகத்தைப் பார்ப்பார். சில பேருக்கு நகத்துக்கடியில் நீலமோ சிவப்போ கலந்த ஒரு சின்னப் புள்ளி தெரியும். சில பேருக்கு நகத்தில் நீளவாக்கில் ஒரு மேடோ பிளவோ ஓடும். கட்டி கீழிருந்து நகம் வளரும் இடத்தை அழுத்துவதால் அப்படி ஆகிறது. பல பேருக்கு எதுவும் தெரியாது. எதுவும் தெரியவில்லை என்பதற்காக எதுவும் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது.

அடுத்தது, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லவ் என்ற மருத்துவர் 1944இல் விவரித்த சோதனை. குண்டூசியின் தலை, பேனாவின் முனை, நிமிர்த்திய ஜெம் கிளிப், எது கிடைத்தாலும் சரி. அதை வைத்து நகத்தின் மேல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போவார்.

"இங்க வலிக்காம்மா?"

"இல்ல சார்."

"இங்க?"

"இல்ல."

"இந்த இடத்துல?"

"ஐயோ யம்மா!" என்று கை தானாக இழுத்துக்கொள்ளும். ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அழுத்தினால் வலி இல்லை. திரும்ப அதே புள்ளிக்கு வந்தால் அதே துடிப்பு. நகச்சுத்தியில் நகத்தைச் சுற்றிலும் வலிக்கும். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பு நசுங்கினால் கை நெடுக இழுக்கும். இப்படி ஒரு புள்ளியில் குத்திட்டு நிற்கும் வலி வேறு எதற்கும் எளிதில் வராது.

மூன்றாவது சோதனையை 1970இல் ஹில்ட்ரெத் என்பவர் வெளியிட்டார். கையைத் தூக்கிப் பிடித்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் கட்டிக் காற்றேற்றி, கைக்கு வரும் ரத்தத்தைச் சற்று நேரம் நிறுத்துவார்கள். பெரிய அடுப்பின் தீயையே தள்ளிவைப்பது போல. அனல் வராதபோது துவாரத்தில் என்ன கோளாறு இருந்தாலும் தெரியாது அல்லவா? இப்போது அதே புள்ளியில் அழுத்தினால் வலி இருக்காது, அல்லது வெகுவாகக் குறைந்திருக்கும். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வலி சுரீரென்று திரும்பும். ரத்தக் குழாயோடு பிணைந்த கட்டிதான் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஐஸ் கட்டியை விரலில் வைத்து வலி ஏறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

இவை சந்தேகத்தை உறுதியாக்கினால் படங்கள் எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் கட்டி தெரியாது; ஆனால் கட்டி நெடுநாள் அழுத்தியதால் எலும்பில் விழுந்த சின்னக் குழி சில பேருக்குத் தெரியும். நல்ல கருவியும் பழகிய கையும் இருந்தால் அல்ட்ராசவுண்டிலேயே, ரத்த ஓட்டம் மிகுந்த ஒரு சின்ன உருண்டையைப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம், ஒன்றா இரண்டா என்று அறுவை மருத்துவருக்கு வழி காட்டும். மிகச் சின்னக் கட்டி படத்தில் தப்பிப்போவதும் உண்டு. அதனால் படம் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வரி வந்தாலும், பேனா முனை சொன்னதை நல்ல மருத்துவர் தள்ளிவிட மாட்டார்.

மூடியைத் திறந்து மண்ணை எடுப்பது

இந்தக் கட்டியை மாத்திரையால் கரைக்க முடியாது. எண்ணெய் தடவினாலும் ஒத்தடம் கொடுத்தாலும் போகாது. துவாரத்தில் திரண்ட மண்ணுருண்டையை எடுப்பது ஒன்றே வழி.

அறுவை அறைக்குப் போனதும் முதல் வேலை, கத்தியை எடுப்பதற்கு முன்பே நடக்கிறது. நோயாளி வலிக்கும் புள்ளியைத் தானே காட்ட, மருத்துவர் அந்த இடத்தை மையால் குறித்துக்கொள்கிறார். மரப்பு ஊசி போட்ட பிறகு எந்த இடம் என்று நோயாளியால் சொல்ல முடியாது. கட்டியோ மிக மிகச் சின்னது. அந்த ஒரு மைப்புள்ளிதான் உள்ளே போவதற்கு வரைபடம்.

பிறகு விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரப்பு ஊசி. இதுதான் கொஞ்சம் வலிக்கும் கட்டம். பத்து நிமிடத்துக்குள் விரல் முழுவதும் மரத்துவிடும். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. விரலின் அடியில் ரப்பர் பட்டை போட்டு ரத்தத்தை நிறுத்துவார்கள். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் ஊறினாலும் கட்டி கண்ணுக்கு மறைந்துவிடும். மருத்துவர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொள்வார், அல்லது நுண்ணோக்கியின் கீழ் வேலை செய்வார்.

இப்போது மூடியைத் திறக்க வேண்டும். தட்டையான மெல்லிய கருவி ஒன்றை நகத்துக்கும் நகப்படுக்கைக்கும் நடுவே நுழைத்து நகத்தைக் கிழியாமல் கிளப்புவார்கள். சில மருத்துவர்கள் முழு நகத்தையும் எடுக்காமல், தேவையான அளவு மட்டும் தூக்குவார்கள். கீழே இளஞ்சிவப்பான நகப்படுக்கை தெரியும். குறித்த புள்ளிக்கு மேல் நகப்படுக்கையில் நீளவாக்கில் ஒரு கீறல். குறுக்குவாட்டில் கீறினால் பின்னால் நகம் கோணலாக வளரும் அபாயம் உண்டு. நகம் வளரும் திசையிலேயே கீறுவது அதனால்தான்.

கீறலின் இரண்டு உதட்டையும் மெல்ல விலக்கினால், சுற்றியுள்ள திசுவிலிருந்து நிறம் மாறி, சாம்பலும் இளஞ்சிவப்புமாக, வழவழவென்று ஓர் உருண்டை எட்டிப்பார்க்கும். உறை இருப்பதால் பெரும்பாலும் முழுசாகவே கழன்று வரும். எடுத்த குழிக்குள் வேறு துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த முக்கியமான வேலை. துவாரத்தின் ஓரத்தில் ஒட்டிய மண்ணில் கொஞ்சம் விட்டுவைத்தாலும் பூச்சு அதிலிருந்தே மறுபடி திரளும். எலும்பில் குழி விழுந்திருந்தால் அதையும் மெதுவாகச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள்.

மண்ணை எடுத்தாயிற்று, இனி மெழுக வேண்டும். நகப்படுக்கை எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவு சமமாகத்தான் நகம் வளரும். மேடு பள்ளம் இருந்தால் நகமும் மேடு பள்ளமாக, பிளந்து வளரும். அதனால் தலைமுடியைவிட நைசான, தானே கரையும் நூலால் கீறலைச் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு எடுத்த நகத்தையே சுத்தம் செய்து மேலே திரும்ப வைப்பதுண்டு. அது உயிரோடு ஒட்டிவிடும் என்று அல்ல. புது நகம் வரும் வரை நகப்படுக்கைக்கு மூடியாக இருக்கட்டும் என்று. ரப்பர் பட்டையை எடுத்து, விரல் நுனி பழைய நிறத்துக்கு வந்ததா என்று பார்த்துக் கட்டுப்போட்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கட்டி நகத்தின் ஓரத்தில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. விரலின் பக்கவாட்டில் கீறி, எலும்பை ஒட்டியே உள்ளே போய், நகப்படுக்கையைத் தூக்கிக் கட்டியை எடுப்பார்கள். நகப்படுக்கையில் கத்தி படாததால் நகம் கோணலாகும் அபாயம் குறைவு. ஆனால் பார்வைக்குக் கிடைக்கும் இடம் குறுகல். நட்ட நடுவில் இருக்கும் கட்டிக்கு நகத்தைத் தூக்கிப் பார்ப்பதே தெளிவு. எந்த வழி என்பதைக் கட்டியின் இடம்தான் தீர்மானிக்கும். உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடுத்த கட்டியைக் கட்டாயம் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். குளோமஸ் கட்டிதான் என்று உறுதியாக எழுதிக் கிடைக்கும் காகிதம் அதுதான். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு

காயத்தின் வலி சில நாளில் அடங்கும். பழைய வலி பல பேருக்கு அன்றைக்கே போய்விடும். சில பேருக்கு முழுவதும் மறையச் சில வாரம் ஆகும். கையை முதல் சில நாள் நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்துக்கொண்டால் வீக்கம் குறையும். கட்டு நனையக்கூடாது, பாத்திரம் கழுவுவதையும் மீன் ஆய்வதையும் மருத்துவர் சொல்லும் வரை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கை நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுதான் வளரும். ஆகவே புது நகம் முழுசாக வந்து சேர நான்கிலிருந்து ஆறு மாதம் பொறுக்க வேண்டும். முதலில் வரும் நகம் கொஞ்சம் தடித்தோ சொரசொரப்பாகவோ இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த வளர்ச்சியில் பெரும்பாலும் சீராகும்.

சில பேருக்கு வலி திரும்ப வருவது உண்டு. அறுவை முடிந்து சில வாரம், சில மாதத்துக்குள் பழைய இடத்திலேயே அதே வலி என்றால், துணுக்கு ஏதோ மிச்சம் இருந்திருக்கலாம், அல்லது பக்கத்தில் இரண்டாவது கட்டி ஒன்று கண்ணில் படாமல் இருந்திருக்கலாம். ஆண்டுகள் கழித்து வந்தால் புதிதாக ஒன்று முளைத்திருக்கலாம். எப்படியானாலும் மறுபடி படம் எடுத்து மறுபடி எடுத்துவிட முடியும். ஒரு முறை செய்தும் போகவில்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

யாரிடம் போவது, என்ன சொல்வது

எலும்பு மூட்டு அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், கை அறுவையில் பயிற்சி பெற்றவர், இந்த மூவரில் யாரும் இதைச் செய்வார்கள். உடன்குடியிலிருந்து எட்டும் தூரத்தில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கை அறுவை சிகிச்சையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய மரபு உண்டு. வேலூரில் பிராண்ட் தொடங்கிவைத்தார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவை வளர்த்தெடுத்த ஆர். வெங்கடசாமி, என். சுப்பிரமணியனுடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட விரல் நுனிச் சீரமைப்பு முறையை இன்று பல நாட்டு மருத்துவர்கள் கையாள்கிறார்கள். ஒரு விரல் நுனிக்காக ஒரு வாழ்நாளையே செலவிட்டவர்கள் நம் அரசு மருத்துவமனைகளில் இருந்திருக்கிறார்கள். நம் நகவலிக்காகப் போய் நிற்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

போகும்போது 'கை வலிக்கிறது' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் அந்தச் சொல்லுக்கு வலி மாத்திரைதான் கிடைக்கும். எந்த விரல், நகத்தின் எந்தப் பக்கம், எத்தனை மாதமாக, குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது, தொட்டால் எந்தப் புள்ளியில் மட்டும் துடிக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'குளோமஸ் கட்டியாக இருக்குமா என்று அழுத்திப் பாருங்கள், சார்' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நகத்துக்கடியில் கருப்புக் கோடு விழுந்து அகன்றுகொண்டே போனாலோ, கருமை நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கினாலோ, அது வேறு நோயாக, ஆபத்தானதாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனைவியோ அம்மாவோ மதினியோ, ஒரு விரலை மட்டும் ஒதுக்கி வைத்தே பாத்திரம் கழுவுவதைப் பார்த்தால் என்ன என்று கேளுங்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாமல், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்த வலி ஒரு பிற்பகல் அறுவை சிகிச்சையில் தீரக்கூடியது. அவர் சொல்வதை நம்புவதுதான் அந்தச் சிகிச்சையின் முதல் படி.